யோகேஸின் பிளகினும் நான் கேட்ட ஆறு மாதமும்

யோகேஸ் செத்துப்போனான். இன்று காலை, ஆஸ்பத்திரியில். எலிக்காய்ச்சல். இருபத்துமூன்று வயது.

என்னோடு வேலை செய்தவன். கிளிநொச்சியில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. காலையிலிருந்து எல்லோரும் "நல்ல பொடியன்" என்று போஸ்ட் போடுகிறார்கள்...

எனக்கு அவனைப் பிடிக்காது. பொறாமை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ப்ரொஜெக்டில் முந்நூறு ஜாவாஸ்கிரிப்ட் மொட்யூலாவது இருக்கும், தனித்தனிக் கோட் துண்டுகள். எது எங்கே இருக்கிறது, எதற்கு முன் எது வர வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே கொன்பிக் கோப்பில் கையால் எழுத வேண்டும். ஒரு வரி பிழைத்தால் சைட் வெறும் வெள்ளையாக நிற்கும்.

அந்தக் கோப்பு என் பொறுப்பு. யார் புதிதாக ஒன்று சேர்த்தாலும் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்க வேண்டும். நின்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

யோகேஸ் ட்ரெய்னியாக வந்த இரண்டாம் மாதம் ஒரு பிளகின், சின்னத் துணை ப்ரோகிராம், எழுதினான். சைட்டைக் கட்டும் பில்ட் ஓடும்போதே அது ஃபோல்டர்களைப் பார்த்து, எந்த மொட்யூலுக்கு எது தேவை என்று கண்டுபிடித்து, கொன்பிக்கைத் தானே எழுதிவிடும். மூன்று வருடமாக நான் செய்த வேலை... இரண்டு செக்கன்.

அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் வரவில்லை.

நான் செய்ததையும் சொல்கிறேன். ஒரு ஃபோல்டர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றினேன். எங்கள் கம்பியூட்டர்களில் ஓடும்; பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும் சேர்வரில் ஓடாது. அடுத்த நாள் சைட் விழுந்தது. பிளகினில்தான் பிழை என்று மனேஜர் அவனை எல்லோர் முன்னாலும் வைத்து ஏசினார்.

மாற்றியது யார் என்பது, மாற்றங்கள் பதிவாகும் ஹிஸ்டரியில் என் பெயரோடு இருந்தது. பார்த்தான். ஒருவரிடமும் காட்டவில்லை. பின்னேரம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, இப்ப எழுத்து எப்பிடி இருந்தாலும் பிளகின் பிடிக்கும். வேற ஏதும் மாத்திப் பாக்கிறதெண்டா பாருங்கோ."

நக்கலா, உண்மையா... இன்றுவரை தெரியாது.

மல்லாவியிலிருந்து பஸ்ஸில் வருவான். எந்த ஊர் என்று கேட்பவர்கள் மல்லாவி என்றதும் விடமாட்டார்கள். "அதுக்கு முதல்?" என்பார்கள். அப்பாவின் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்றதும் ஒரு இளக்காரத் தலையாட்டல். நானும் ஆட்டியிருக்கிறேன். என் குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறியதுதான். என்னிடம் ஒருவரும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அவனை பேர்மனன்ட் ஆக்கலாமா என்று மனேஜர் என்னிடம் கேட்டார். "கெட்டிக்காரன்தான். ஆனா அவசரக்காரன். இன்னும் ஆறு மாசம் பாப்பம்" என்றேன். அவருக்கும் அது வசதியாக இருந்தது, ட்ரெய்னிக்குச் சம்பளம் குறைவு.

ட்ரெய்னிக்கு லீவு இல்லை. மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள். வன்னிக்கு ஐ.டி. வந்துவிட்டது என்று மேடை போட்டுச் சொல்கிறோமே, அது இதுதான்.

ஞாயிறு என்றால் தகப்பனோடு பிறத்தியாரின் வயலில் இறங்குவான்; எலிக்காய்ச்சல் வயல் தண்ணீரிலிருந்தும் தொற்றும். போன கிழமை காய்ச்சலோடு வேலைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. கெண்டைக்கால் வலியில் உழையுது என்றான். டொக்டரிடம் போகச் சொன்னேன்.

"லீவு போட ஏலாது அண்ணை. இன்னும் ட்ரெய்னிதானே."

நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நாலு நாள் வந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை.

இன்று ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவான். அவன பேர்மனன்ட் ஆக்கச் சொல்லி நீங்கதான் கதைக்கிறீங்களாம்."

செத்தவீடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

செத்தவீடு நாளை, மல்லாவியில். வாறன் யோகேஸ்.