துறைமுகத்தில் வள்ளம் வலிக்கப் போன நாள்

பிள்ளைகளே, பள்ளிக்கூடப் படிப்பு முடிந்த கிழமையே நானும் சின்னராசாவும் இறக்கக்கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டோம். இரண்டாம் உலக யுத்தகாலம் அது. துறைமுகத்தில் துடுப்புப் பிடித்து வள்ளம் வலிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். வேலை கிடைக்காவிட்டால் சின்னராசாவை யாழ்ப்பாணத்தில் அவன் மாமா நடத்தும் சுருட்டுக் கொட்டிலுக்கு அனுப்புவதென்று அவனுடைய ஐயா முடிவு செய்திருந்தார். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

விடிய ஐந்து மணிக்கு விறகு ஏற்றிய ஒரு மாட்டு வண்டியில் ஏறினோம். ஆளுக்குப் பத்துச் சதம் கூலி. பட்டணம் பத்து மைல் இருக்கும். நிலாவெளி தாண்டியதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிமார், துறைமுகத்துக்கோ?"

"ஓம் அண்ணை," என்றேன்.

"குண்டு விழுந்தா என்ன செய்வியள்?"

"முதல் வேலை கிடைக்கட்டும் அண்ணை. குண்டைப் பற்றிப் பிறகு கதைப்பம்," என்றான் சின்னராசா.

பத்து மணியளவில் துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். மலைகளுக்கு நடுவே சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் நெருக்கமாக நின்றன. எதிரி விமானம் தாழப் பறக்காதபடி, யானையளவு பலூன்களை வானத்தில் கட்டியிருந்தார்கள். ஆள் எடுக்கும் மேற்பார்வையாளர், வலிக்கத் தெரியுமா என்று பார்க்க, எங்களை ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். ஊர்க் களப்பின் ஆழமில்லாத நீரில் வலிப்பதுபோல, போகும் திசையைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்தோம். கரையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி இருக்கவேணும் தம்பி," என்றார் மேற்பார்வையாளர்.

"அப்ப எங்கை போறம் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான் சின்னராசா.

"அதுக்குத்தான் நான் சுக்கான் பிடிக்கிறன். நீ வலி."

திரும்பி உட்கார்ந்தோம். எங்கள் துடுப்புகள் ஒன்றோடொன்று முட்டின. பிறகு சின்னராசா, கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை மெல்லிய குரலில் எடுத்தான். நானும் சேர்ந்துகொண்டேன். துடுப்புகள் ஒன்றாக விழுந்தன. கரை எங்கள் கண்ணெதிரே சின்னதாகிக்கொண்டு போனது. ஒரு கப்பலைச் சுற்றித் திரும்பினோம்.

"திங்கட்கிழமை வாங்கோ, ரெண்டு பேரும்," என்றார் அவர். "ஆனா ஒரே வள்ளத்திலை விட ஏலாது. கதைச்சே பொழுதைப் போக்குவியள்."

பின்னேரம் நடந்தே ஊர் திரும்பினோம்.

"அப்ப நீ ஆரோடையடா கதைப்பாய்?" என்று கேட்டான் சின்னராசா.

"பக்கத்திலை இருக்கிறவனோடை. நீ?"

"நானும் அப்பிடித்தான். பின்னேரம் வந்து உனக்குச் சொல்லுவன்."

அதுவரை அவனுக்குத் தெரியாத கதை ஒன்றும் என்னிடம் இருந்ததில்லை. இனி நாள்தோறும் இருக்கும். அதை நினைக்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.