அடுத்த சேர்விலக்கம்

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம். வெப்பம் முப்பத்தொரு பாகை. மேகமில்லை, காற்றுமில்லை. ஸ்காபரோவில் ஒரு பூங்காவின் இரண்டாவது மைதானத்தில் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் அணி இறுதிப்போட்டியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருந்தது. அந்த இரண்டு கோலையும் அடித்தவனை ஆறு பேர் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நாலு மணி முப்பத்தொன்றுக்கு அதே ஆறு பேரில் நாலு பேர் அவனைத் தரையில் போட்டு உதைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் நடந்தது ஒன்றுதான். நான் எழுதிய கடிதத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்புப் பையனும் கல்லூரியில்தான் படிக்கிறான். பாடசாலைக்கே அங்கு அந்தப் பெயர். அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ரொறன்ரோவில் சங்கம் வைத்து, கோடையில் உதைபந்தாட்டப் போட்டி நடத்துவார்கள். விதி ஒன்று உண்டு: அந்தந்தக் கல்லூரியில் படித்தவன் மட்டுமே அந்த அணிக்கு ஆடலாம். படித்ததற்கு விடுகைப் பத்திரம் காட்ட வேண்டும். ஆனால் வீடு எரிந்து, இடம்பெயர்ந்து வந்தவர்களில் எத்தனை பேரிடம் விடுகைப் பத்திரம் இருக்கும்? ஆகவே முன்னாள் ஆசிரியர் ஒருவர் கடிதம் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கல்லூரிக்கு அந்த ஆசிரியர் நான்.

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தேன். அதில் பதினொரு வருடம் சேர்விடாப்பும் என் பொறுப்பில் இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவனின் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி, பக்கத்தில் அவனுடைய சேர்விலக்கத்தை எழுதுவேன். 1991இல் ஒரு பையோடு கனடா வந்தபோது இடாப்பு அங்கே நின்றுவிட்டது. இலக்கங்கள் என்னோடு வந்துவிட்டன. யாராவது கடிதம் கேட்டு வந்தால் சேர்ந்த வருடத்தையும் தகப்பன் பெயரையும் கேட்பேன். இலக்கம் தானாக வரும். வேலைக்கு, அகதி விசாரணைக்கு, விளையாட்டுக்கு என்று 1995 மே மாதம் வரை அறுபத்துமூன்று கடிதங்கள் எழுதியிருந்தேன். அறுபத்துமூன்றும் உண்மை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை சங்கச் செயலாளர் என் அடுக்ககத்துக்கு வந்தார். என்னிடம் படித்தவர், பிக்கரிங்கில் புது வீடு வாங்கியிருந்தார். கூடவே ஓர் இளைஞனையும் கூட்டி வந்திருந்தார்.

"நாலு வருசமா உந்த மற்றக் கொலிஜ்காரரிட்டைத் தோக்கிறம், சேர்," என்றார்.

"அதுக்கு நான் என்ன செய்ய? கணக்கு வாத்தி கோல் அடிக்கேலுமே?"

"நீங்கள் அடிக்க வேண்டாம். அடிக்கிறவனைக் கொண்டந்திருக்கிறன். நீங்கள் எழுதினால் காணும்."

இளைஞன் சப்பாத்து வைக்கும் தட்டின் பக்கத்தில் நின்றான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மன்னாரில் ஒரு மீன்பிடி ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். வயது இருபத்துமூன்று. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். ஓகஸ்ட் 29ஆம் திகதி அவனுக்கு அகதி விசாரணை இருந்தது.

"கடிதம் கேஸுக்கும் உதவும், சேர்," என்றார் செயலாளர். "லோயர் ஏதாவது பேப்பர் கேக்கிறாராம். உவனிட்டை ஒரு துண்டும் இல்லை. கொலிஜ் ஹொஸ்டல்ல நிண்டு படிச்சவன் எண்டு போடுங்கோ."

கேஸுக்காகத்தான் எழுதினேன் என்று பின்னால் பலருக்குச் சொன்னேன். அது பொய். முந்திய வாரம் பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். நாற்பது நிமிடத்தில் அவன் பதினொரு கோல் போட்டான். நாலு வருடமாக ஒவ்வொரு ஓகஸ்டிலும் தோற்றுப்போய், இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்தவன் நான். அந்தக் கிண்ணம் எனக்கு வேண்டியிருந்தது.

கடிதத்துக்கு ஓர் இலக்கம் தேவை. உயிரோடு இருப்பவனின் இலக்கத்தை எழுதினால் அவன் வந்து கேட்பான். ஆகவே கேட்க ஆளில்லாத இலக்கத்தைத் தேடினேன். 4417. 1983 ஜனவரியில் சேர்ந்தவன். அட்சரகணிதத்தில் கெட்டிக்காரன். 1986இல் ஷெல் விழுந்து இறந்துபோனான். இவனுடைய பெயரை எழுதிப் பக்கத்தில் அவனுடைய இலக்கத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். சப்பாத்துத் தட்டருகில் நின்றபடியே அதை அவன் மூன்று முறை சொல்லிப் பாடமாக்கினான். கடிதத்தின் பிரதி ஒன்று சங்கத்துக்குப் போனது. மற்றது அவனுடைய லோயரின் கோப்புக்குள் போனது.

இறுதிப்போட்டி தொடக்கத்திலிருந்தே ஆட்டமாக இல்லை. முதல் பாதியில் மட்டும் அவனை ஒன்பது முறை விழுத்தினார்கள். ஐந்தாவது முறை ஒருவன் முழங்கையால் கழுத்தில் இடித்ததை நான் கண்டேன், நடுவர் காணவில்லை. எதிர்க் கல்லூரி ஆட்கள் கோலுக்குப் பின்னால் நின்று கத்தினார்கள்.

"டேய், உன்ர கொலிஜ் கடலுக்குள்ளையோ?"

"வலையோட வந்தனியோ, விடுகைப் பத்திரத்தோட வந்தனியோ?"

எங்கள் பக்கத்திலிருந்து ஐஸ் கட்டி நிறைந்த போத்தல் ஒன்று பறந்து போய் ஒருவனின் காதைக் கிழித்தது. அவன் இரத்தத்தோடு ஓடிவந்து பிழையான ஆளுக்கு அடித்தான். பதினொரு நிமிடம் ஆட்டம் நின்றது. நான் மடிப்புக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, போத்தல் பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆட்டம் முடிந்தவுடன் எதிர்க் கல்லூரிக்காரர் போட்டிக்குழுவின் மேசைக்குப் போய் முறைப்பாடு செய்தார்கள். அவன் எங்கள் கல்லூரி இல்லை என்றார்கள். செயலாளர் அந்தக் கடிதத்தை மேசையில் இருந்த மூன்று பேருக்கும் அமைதியாகக் காட்டியிருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. ஒலிவாங்கியை எடுத்தார். பெயர், சேர்ந்த வருடம், விடுதி, சேர்விலக்கம் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"கீழ சேரின்ர கையெழுத்து இருக்கு. சேர் பொய் சொல்லுவார் எண்டு சொல்லத் துணிவிருக்கிறவன் முன்னுக்கு வா."

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒருவன் முன்னுக்கு வந்தான். எதிர்ப் பக்கத்திலிருந்து அல்ல, எங்கள் பக்கத்திலிருந்து. எங்கள் கல்லூரிக் கொடியைக் கழுத்தில் சுற்றியிருந்தான். தோளில் இருந்தவனைக் கீழே இறக்கச் சொன்னான். இறக்கினார்கள்.

"உன்ர நம்பர் என்ன?"

"நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு."

"உனக்குப் பின்னால பதிஞ்சவன் ஆர்?"

மன்னார் இளைஞன் என் பக்கம் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? நான்தான் பின்னால. பதினெட்டு. அப்பா எங்கள் ரெண்டு பேரையும் ஒரே நாளில கொண்டுபோய்ச் சேர்த்தவர். பதினேழு என்ர அண்ணை. அவர் செத்து ஒன்பது வருசம்."

ஒரே நாளில் சேரும் சகோதரர்களுக்கு அடுத்தடுத்த இலக்கம்தான் விழும். இரண்டு வரியையும் எழுதியவன் நான். ஒரே பேனா, ஒன்றின் கீழ் ஒன்று. மேல் வரியை நினைவில் வைத்திருந்தேன். கீழ் வரியை மறந்துபோனேன்.

முதல் அடி அந்தத் தம்பியுடையது, கன்னத்தில், திறந்த கையால். அது அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் எதிர்ப் பக்கத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். "செத்தவனையும் இறக்கி விளையாடுறாங்களடா." அந்தச் சிரிப்பு பரவியது. எங்கள் ஆட்களுக்கு அதைத் தாங்க முடியவில்லை. சிரித்தவர்கள் நூறு பேர், நாற்பது யார் தூரத்தில் நின்றார்கள். இவன் கைக்கெட்டும் தூரத்தில் தனியாக நின்றான்.

"சட்டையைக் கழட்டடா. எங்கட கொலிஜ் சட்டை."

கழற்ற நேரம் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து இழுத்தார்கள். சட்டை தலையில் மாட்டி, இரண்டு கையும் மேலே சிக்கி நின்றபோது வயிற்றில் உதைத்தார்கள். மைதான மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பிடுங்கி ஒருவன் முதுகில் அடித்தான். கம்பு முறிந்தது. முறிந்த பாதியாலும் அடித்தான். கிண்ணத்தை வைத்திருந்தவன், அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அதன் மரப்பீடத்தாலேயே வாயில் குத்தினான். முன் பற்கள் இரண்டு போயின. சட்டை முகத்தை மூடியிருந்ததால் நான் பற்களைக் காணவில்லை. துணி சிவந்ததைக் கண்டேன்.

யாரோ என்னைக் கதிரையோடு பத்தடி பின்னுக்கு இழுத்தார்கள். "சேர், இதுக்குள்ள இராதேங்கோ." ஒரு பெண் கடதாசிக் குவளையில் ஒறேஞ் சோடா கொண்டுவந்து தந்தாள். நான் அதை வாங்கினேன். வாங்கிக்கொண்டு உதைகளை எண்ணினேன். ஒன்பதாவது உதையில் வாய் திறந்தேன்.

"அந்தக் கடிதம் நான் எழுதினது."

"ஓம் சேர். உங்களை ஏமாத்திப்போட்டாங்கள்," என்றாள் அந்தப் பெண்.

"இல்லைப் பிள்ளை. தெரிஞ்சுதான் எழுதினனான்."

"வெயில், சேர். முதல்ல குடியுங்கோ."

பதினாலில் எழும்பினேன். என் முழங்கால்கள் நல்லவை அல்ல. அவனிடம் போய்ச் சேர இருபத்திரண்டு ஆகிவிட்டது. குனிந்து அவன் தலையைக் கையால் மூடினேன். இருபத்துமூன்றாவது உதை என் இடது மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது.

"ஐயோ, சேருக்கு அடிச்சுப்போட்டான்."

அதோடு எல்லாக் கால்களும் நின்றன. பிறகு என்னை உதைத்தவனை மூன்று பேர் சட்டையில் பிடித்துக் கோலுக்குப் பின்னால் இழுத்துப்போனார்கள். அவனுடைய மூக்கு உடைந்தது. விடுங்கோ, விடுங்கோ என்று நான் கத்தியதை அவர்கள் என் நோவு என்று நினைத்திருப்பார்கள். இன்னும் பலமாக அடித்தார்கள்.

இறந்தவனின் தம்பி சற்றுத் தள்ளி நின்றான். அவனிடம் போனேன்.

"தம்பி, உம்மட அண்ணற்ற இலக்கத்தைக் குடுத்தது நான்."

"தெரியும் சேர். அந்த நம்பர் உங்களைவிட வேற ஆருக்குத் தெரியும்?"

"பிறகேன் அவனுக்கு அடிச்சனீர்?"

"உங்களுக்கு அடிக்கேலுமே?"

என் இடது மணிக்கட்டை வலக்கையால் தாங்கிப் பிடித்தேன்.

"அண்ணையை நினைவு வைச்சிருக்கிறியள்," என்றான். "நான் ரெண்டு வருசம் உங்கட வகுப்பில முன் வாங்கில இருந்தனான், சேர்."

அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நினைவுக்கு வரவில்லை. அவன் கழுத்துக் கொடியைக் கழற்றி, கையிலிருந்த இரத்தத்தை அதில் துடைத்து, என் கதிரையில் போட்டுவிட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனான்.

செயலாளரின் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "சீற்றில இரத்தம் படாமல் இருடா," என்று அவர் இரண்டு முறை சொன்னார். மன்னார் இளைஞன் சட்டையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தான். பொலிஸுக்குச் சொல்லுவோமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான்.

"வேண்டாம் சேர். கேஸ் இருக்கு."

சட்டையை வாயிலிருந்து எடுத்தான்.

"சேர், அந்த ரெண்டு கோலும் எண்ணுவினமோ?"

"இல்லை."

"ரெண்டாவது நல்ல கோல்," என்றான்.

விளையாட்டில் விழுந்தேன் என்று வைத்தியரிடம் சொன்னான். புருவத்தில் ஏழு தையல், விலாவில் வெடிப்பு. என் கைக்கு மாக்கட்டு போட்டார்கள்.

விசாரணைக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. கடிதம் கோப்புக்குள் கிடந்தது. அது பொய் என்பதை இப்போது ஒரு மைதானமே அறிந்திருந்தது. ஒருவர் போய் ஒரு வார்த்தை சொன்னால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"சும்மா இருங்கோ, சேர்," என்றார் செயலாளர். "உள்ளுக்கை கிடக்கிற பேப்பரை ஆர் கிளறப் போகினம்? நீங்களாப் போய்ச் சொன்னால் உங்களுக்குத்தான் கரைச்சல்."

திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லோயரின் கதவு திறந்தபோது நான் வாசலில் நின்றேன். அவரும் தமிழர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உப்பிடி எத்தினை கடிதம் குடுத்திருக்கிறியள்?"

"உண்மை அறுபத்துமூண்டு. பொய் ஒண்டு."

"ஒண்டு பொய் எண்டால் மற்ற அறுபத்துமூண்டையும் நான் எப்பிடி நம்புறது, சேர்?"

அவரும் என்னைச் சேர் என்றுதான் அழைத்தார். கடிதம் பொய், எழுதியவன் நான் என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தேன். கடிதத்தை நாமே திரும்பப் பெறுவதாக அவர் அறிவித்து விசாரணையைப் பின்போடுவித்தார். மன்னாரில் அவனுடைய ஊர்க் கத்தோலிக்கக் கோவில் சாமியாருக்கு எழுதினோம். ஐந்து மாதம் கழித்து, கொழும்பு சுற்றி, ஞானஸ்நானப் பதிவின் பிரதி வந்தது. பிறந்த நாள், தாய் தகப்பன், ஊர், எல்லாம் அதில் இருந்தது. ஜூன் மாதமே இதைக் கேட்டு எழுதியிருக்கலாம். அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை. அவன் கோல் அடிப்பான் என்பது மட்டுமே தெரிந்திருந்தது. 1996 மார்ச்சில் அவனை ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கிடையில் அறுபத்துமூன்று பேரில் ஏழு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். எல்லோருக்கும் கேஸ் முடியாமல் இருந்தது. "எங்கட கடிதம் செல்லுமோ, சேர்?" என்று கேட்டார்கள். உண்மை என்று சொன்னேன். உண்மையோ எண்டு கேக்கேல்லை, செல்லுமோ எண்டுதான் கேக்கிறன் என்றார் ஒருவர். அறுபத்தைந்தாவது கடிதம் கேட்டு ஒருவரும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு மணிக்குப் பத்து டொலருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அப்போது என் சீவியம். அவனுடைய பல்லுக்கு வைத்தியருக்கு நான் கட்டியது ஆயிரத்து இருநூற்று நாற்பது டொலர், நாலு தவணையில். சத்தியக் கடதாசிக்கு இருநூற்று இருபத்தைந்து. மன்னாருக்குத் தபாலும் பதிவின் மொழிபெயர்ப்பும் அறுபத்தெட்டு டொலர் ஐம்பது சதம். வான் இருக்கையைக் கழுவிய பற்றுச்சீட்டை, நாற்பத்தைந்து டொலர், செயலாளர் என் தபால் பெட்டியில் போட்டிருந்தார். கிழிந்த சட்டைக்கு முப்பத்திரண்டு டொலர் தரவேண்டும் என்று சங்கம் அவனுக்குக் கடிதம் அனுப்பியது. அதை அவனிடமிருந்து வாங்கி நானே கட்டினேன். மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து டொலர் ஐம்பது சதம்.