அக்கா நடத்திய வீடும், நான் காக்க வைத்த காலையும்

என் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. ஊரார் போடும் நினைவு மலருக்காக அவரைப் பற்றிப் பெருமையாக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பெருமை அவருடையது. எழுதுகிறவனுக்கு அதில் பங்கில்லை.

அனந்தபுரத்தில் பிறந்த அக்கா பத்தொன்பது வயதில் கணவரை இழந்தார். பட்டணம் போய் நர்ஸுக்குப் படித்து, மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குணமாகியும் வீட்டார் அழைத்துப்போக வராத பெண்கள் அங்கே வருடக்கணக்கில் கிடந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அக்கா வேலையை விட்டு, டாக்டரிடம் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, அவர்களில் மூவரை நான் கடை வைத்திருக்கும் செஞ்சிக்கு அழைத்து வந்துவிட்டார். பைத்தியங்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அலைந்து திரிந்து ஊர்க்கோடியில் ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்தார். மாத்திரை கொடுப்பது, தலை வாரிவிடுவது, சமைக்கப் பழக்குவது, துணையில்லாமல் கடைத்தெருவுக்கு அனுப்பிப் பழக்குவது என்று எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்தார்.

கடைத்தெருவுக்கு அனுப்பியதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. முதல் போணி நல்ல கையால் ஆக வேண்டும் என்பது வியாபாரிகளான எங்கள் நம்பிக்கை. அந்தப் பெண்கள் காலையில் வந்தால், வேறு யாராவது வாங்கும்வரை ஓரமாக நிற்கச் சொல்வோம். என் மளிகைக் கடையிலும் அதே கதைதான். "நிக்கச் சொன்னா நில்லுங்கடி, சண்ட வேணாம். ஊரு நம்மள வுட்டு வைக்கணும்" என்று அக்காவும் சொல்லி வைத்திருந்தார்.

அன்று கடை திறந்ததும் மூவரில் இளையவளான சாரதா ஓடிவந்தாள்.

"அக்கா மாரப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாங்கண்ணா. பேச மாட்டேங்கறாங்க. வாங்க."

"போணி ஆவட்டும், ஓரமா நில்லு" என்றேன். ஏதோ உளறுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மறுபடி கூப்பிட்டாள். முறைத்தேன். வல்லத்துக்காரர் ஒருவர் வந்து வெல்லம் வாங்கிய பிறகே எழுந்தேன். போய்ப் பார்த்தபோது மற்ற இருவரும் அக்காவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

"கொஞ்சம் முன்னால கூப்பிட்டிருக்கலாமே" என்றார் பிறகு வந்து பார்த்த உள்ளூர் டாக்டர். கூப்பிட்டார்கள். பாவி நான்தான் போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் பூட்டுப் போட்டார். மூவரையும் வைத்துக்கொள்ள, இதைப் படிக்கும் ஊரார் உங்களில் ஒருவரும் முன்வரவில்லை, நானும் வரவில்லை. பஸ்ஸில் கூட்டிப்போய், அக்கா மீட்டு வந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில், "நாங்க இன்னா தப்பு பண்ணோம்ணா?" என்று சாரதா கேட்டாள். நான் செஞ்சி பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.

அக்காவின் இறுதிக் காரியங்களில் கூட நின்ற எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் கும்பிடு. அவருக்காக முதலில் உதவி கேட்டு ஓடிவந்தவளுக்கும் இந்த நினைவு மலரின் பிரதி ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் இல்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.