ருக்மணியின் தேங்காயெண்ணெய்ச் சோப்பு

மலாய் நாட்டின் காஜா பெராங் பகுதியில் ருக்மணியைப் போல் ஒரு பிடிவாதக்காரி கிடையாது. கணவர் கலியாணசுந்தரம் அவளுக்கும் ஒரு படி மேலே. சோப்புத் தொழிற்சாலையில் மாட்டுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் கிண்ட மனம் ஒப்பாமல், மெர்டேக்கா என்று நாடு விடுதலையான மாதத்தில் வேலையை உதறிவிட்டு வந்த மகராசன்.

"தேங்காயெண்ணெயில நானே காய்ச்சுறேன்லா. நம்மாளும் தொடலாம், மலாய்க்காரரும் தொடலாம்" என்றார். கையிருப்பையெல்லாம் போட்ட முதல் அண்டா கெட்டுப்போனால் மறுபடி அந்தக் கொழுப்புக்கே போகவேண்டும். வேறு வழியில்லை.

சோப்பு ஒரு விசித்திரப் பிறவி. கண்ணுக்குத் தெரியாத அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். தண்ணீரில் விழுந்ததும் யாரும் கூப்பிடாமலே, எண்ணெய் முனைகளை உள்ளே வைத்து உருண்டை உருண்டையாகக் கூடிக்கொள்ளும். அதற்குள் அழுக்கு மாட்டிக்கொள்ளும். காய்ச்சும்போது உப்பைக் கொட்டினால் சோப்பு தனியே பிரிந்து மேலே மிதக்கும். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்தார்கள்.

அவரும் அதே அளவு உப்பைக் கொட்டினார். எதுவும் மிதக்கவில்லை. இன்னும் கொட்டினார். கஞ்சி கஞ்சியாகவே கிடந்தது. கொழுப்புச் சோப்பு கொஞ்சம் உப்புக்கே பிரிந்துவிடும், தேங்காயெண்ணெய்ச் சோப்பு லேசில் மசியாது என்று பாவம் அவருக்கு யார் சொன்னார்கள்?

"எல்லாம் வீணாப்போச்சு ருக்கு. திங்கக்கிழமை முதலாளி தவுக்கே கால்ல விழவேண்டியதுதான்."

அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அவர்மேல் அவளுக்கு உயிர்; வாய்தான் சொல்லாது. "கொட்டிறாதீங்க. நானும்தானே கிண்டுனேன்" என்று தகர டப்பாக்களில் ஊற்றிவைத்தாள். மறுநாள் அது கல்லாக இறுகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துக்கொண்டு, கடலோரத் தெங்கேராவுக்கு விற்கப் போனாள். அங்கே மீனவர் மனைவி மாக் லீமா கடல் தண்ணீரிலேயே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கடைச் சோப்பு அந்த உப்புத் தண்ணீரில் திரிந்த பாலாகிவிடும். லீமா அரைமனதாய் வாங்கித் தேய்த்தாள். உப்புக்கு மசியாத அந்தச் சோப்பில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சி அவள் போட்ட கூச்சலில் பக்கத்துப் பெண்களெல்லாம் ஓடிவந்து கைநீட்டினார்கள்.

ருக்மணி வெறும் பையோடு வீடு திரும்பியபோது, கலியாணசுந்தரம் மறுநாளைக்காகத் தொழிற்சாலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு? அடுப்பைப் பத்தவைங்க. தெங்கேரா முழுக்க நம்ம சோப்பைக் கேக்குது. கடல் தண்ணியிலயே நுரைக்குதுங்க!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு இஸ்திரிப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சட்டையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.