ஜன்னலோரத்து மூக்குகள்

யூனுஸுக்கு நல்ல பெரிய மூக்கு. கொரோனா வந்து போன பிறகு, கண்ணாடியைத் தாங்குவது ஒன்றுதான் அதற்கு வேலை.

அவர் வேலை பார்த்ததோ, வில்லாபுரத்துக்குத் தெற்கே ஊர்ச் சாக்கடை வந்து சேரும் குட்டைகளில். இரண்டு குட்டைகள். சாக்கடைத் தண்ணீர் நாள்கணக்காக வெயிலில் கிடந்து தெளிந்தால், மாட்டுத் தீவனப் புல்லுக்குப் பாயும். தெளியாவிட்டால் நாறும். குட்டை கெடுவதை முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான். அது செத்துப்போனது தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று யூனுஸ் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அமீருன்னிசாவிடம்கூட.

அதுதான் வினையாகிப் போனது. குட்டைக்கரையிலேயே அவர்களுக்கு வீடு. போன வருசம் வாடை தாங்க முடியாமல் அவள் கேட்டாள்: "ஏங்க, கொடலப் பெரட்டுதே, ஒங்களுக்கு அடிக்கலயா?"

"எனக்கு ஒண்ணும் அடிக்கல" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அவள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள். துணிமணியை அள்ளிக்கொண்டு செல்லூரில் இருக்கும் மகள் ரூபினா வீட்டுக்குப் போய்விட்டாள். வாடை போனால் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

போனதா இல்லையா என்று யூனுஸ் எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்து, ஊரார் மூக்கை இரவல் வாங்கினார். டவுன் பஸ் குட்டையை ஒட்டித்தான் வளையும். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, வளைவில் எத்தனை கைக்குட்டைகள், எத்தனை முந்தானைகள் மூக்குக்குப் போகின்றன என்று பார்ப்பார். தினமும் பஸ் முழுக்கப் பொத்தியது. கண்டக்டர் விசிலைக்கூடக் கைக்குட்டைக்குள் வைத்து ஊதினார்.

புல் அறுக்க வரும் பாண்டிமீனாவுக்கு இது வேடிக்கை. "யாருக்குண்ணே இப்பிடிக் காலுகடுக்க நிக்கிறீக? அண்ணி வாராகளா?"

"இல்லத்தா. சும்மா பஸ்ஸப் பாக்குறேன்."

"பஸ்ஸு ஒங்களப் பாத்து மூக்கப் பொத்துது. நீங்க என்னமோ பொண்ணு பாக்க வந்த மாரி பல்ல இளிக்கிறீக."

அவளும் புல்லுக்கட்டோடு போய்விட்டால் அப்புறம் கொக்குகள்தான். யூனுஸ் சோறு பொங்குவார். அடி பிடித்த சோறும் பிடிக்காத சோறும் அவருக்கு ஒரே சோறுதான். நல்லாருக்கு என்று பொய் சொல்லக்கூட எதிரே ஆள் இல்லை.

ஒருமுறை ஆசையில் அவசரப்பட்டு, வாடை போய்விட்டது என்று போன் பண்ணிவிட்டார். அவள் வந்து இறங்கிய கையோடு வாந்தி எடுத்தாள். "இன்னொரு தடவ பொய் சொன்னீங்கன்னா, இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம், வாய்க்காலில் ஒற்றை ஹவாய்ச் செருப்பு மிதந்து வந்தது. குட்டைக்குள் போகிற தண்ணீரை அளக்க, வாய்க்காலின் குறுக்கே 'வி' மாதிரி வெட்டிய தகடு ஒன்று நிற்கும். வெட்டு வழியே தண்ணீர் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அளவுகோலில் பார்த்து, அதற்குத் தக்கபடி ஷட்டரைத் திறந்து இரண்டு குட்டைக்கும் பிரித்துவிட வேண்டும். மட்டமாக மிதந்து வந்த செருப்பு, தகட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தலையைக் குனிந்து, சறுக்கிக்கொண்டு போனது.

யூனுஸ் குந்தி உட்கார்ந்து பார்த்தார். வெட்டை நெருங்கும்போது தண்ணீரே குனிந்துதான் போனது. அளவுகோல் இருந்ததோ, சரியாக அந்தக் குனிந்த இடத்தில். வைத்தவர் அவரேதான். முதலில் அது நாலு எட்டு பின்னால், தண்ணீர் மட்டமாக வருகிற இடத்தில்தான் இருந்தது. பாலித்தீன் பையெல்லாம் அதில் வந்து சுற்றிக்கொள்கிறது என்று, தகட்டோரமாகப் பிடுங்கி நட்டிருந்தார். அங்கே வேகத்தில் குப்பை நிற்காது, அளவும்தான் நிற்கவில்லை. உயரம் கொஞ்சம் குறைந்தாலே தண்ணீர்க் கணக்கு ரொம்பக் குறைந்துவிடும். வந்ததில் மூன்றில் ஒரு பங்கு போல கணக்கிலேயே ஏறவில்லை. கொஞ்சத் தண்ணீர்தானே என்று இரண்டாவது குட்டைக்குப் போகும் ஷட்டரை அவர் பாதிக்கு மேல் திறந்ததே இல்லை. எல்லாம் முதல் குட்டையில் போய் முட்டி, தெளிய நேரமில்லாமல் நாறியிருக்கிறது.

அமீருன்னிசாவை விரட்டியது சாக்கடை இல்லை, தன் சோம்பேறித்தனம்தான் என்று அவருக்கு உறைத்தது.

கோலைப் பழைய இடத்திலேயே நட்டார். அதன் சுழியத்தை, தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாய் பிடித்து வெட்டின் அடிமுனைக்குச் சமமாக வைத்தார். குப்பையைத் தடுக்க அதற்கு முன்னால் கம்பிவலை கட்டினார். ஷட்டரை முழுக்கத் திறந்தார். அப்புறம் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்.

கைக்குட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கண்டக்டர் வெறும் விசில் ஊதிய அன்றைக்கு யூனுஸ் போனை எடுத்தார்.

அமீருன்னிசா வந்தாள். புர்க்கா, முகத்திரை எல்லாம் போட்டு, கண் மட்டும் தெரிய இறங்கினாள். இத்தனை மூக்குகளைப் பார்த்த மனுசனுக்கு, இந்த ஒரு மூக்கைப் பார்க்க வழியில்லை.

"அடிக்குதா?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாது அமீரு. கொரோனாவுல போன மூக்கு, இன்னும் திரும்பல. வேல போயிரும்னு சொல்லல."

"அப்ப என் கருவாட்டுக் கொழம்பு மணக்குதுன்னு சொன்னது?"

"பொய்யி."

"பெருநா பிரியாணி?"

"அதுவுந்தான்."

"யா அல்லா! இம்புட்டு நாளும் ஒரு மரக்கட்டைக்கா தாளிச்சுக் கொட்டுனேன்?"

வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவர் அடுப்பில் உலை வைத்து அரிசியைப் போட்டார். அவள் உட்காரவே இல்லை. "ரூபினா மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்துருவான். போறேன்" என்று, அரை மணியில் திரும்பி வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வாடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யூனுஸ் வேப்பமரத்தடியில் நின்றார். வளைவில் பஸ் திரும்பியது. ஜன்னலில் அவள், திரையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு வெறும் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கை மூக்குக்குப் போகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தார். கை காதுக்குத்தான் போனது. இங்கே போன் அடித்தது.

"அடுப்புல சோறு கருகுதுங்க. இங்க வரைக்கும் அது ஒண்ணுதான் அடிக்குது. ஓடிப் போயி எறக்குங்க."

பஸ் கண்ணுக்கு மறையும் வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சோறு கருகியது.