உப்புப் போட்ட பேட்டரி

காய்கிற சாளைக் கருவாட்டின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் டார்ச் லைட்டுதான் நினைவுக்கு வரும். காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வரவில்லை. அக்கா செலினைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அய்யா, கொழும்பில் வாங்கிய டார்ச் லைட்டைப் பட்டப்பகலில் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். அக்காவைவிட அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். "வார ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து முடிவு சொல்லுறோம்" என்று எழுந்து போனவர், அதை மறந்து விட்டுப் போய்விட்டார்.

அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள். நான் வாயே திறக்காத பிள்ளை, என்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் படுத்து, உள்ளங்கைக்குள் அடித்து விரல்கள் சிவப்பதைப் பார்ப்பேன். அடைகாக்கும் கோழியின் கூடைக்குள் அடித்து முட்டைகளை எண்ணுவேன். வியாழக்கிழமை வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, செத்தே போனது.

"அடுத்தவுக பொருளப் பாழாக்குன வீட்டுல எவன்டி பொண்ணெடுப்பான்?" என்று, விஷயம் தெரிந்ததும் அக்கா அழுதாள்.

சின்னம்மா மட்டும் கலங்கவில்லை. தீர்ந்துபோன "பேட்டரிக்கட்டை"யை வெயிலில் வைத்தால் உயிர் வரும் என்று எங்கேயோ கேட்டிருந்தாள். கருவாடு போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "வெறுமனே காயவச்சாப் புழு வச்சிரும்டி, உப்பப் போட்டுத் தேய்" என்று சொல்லி, மீனைக் கீறுவதுபோல் பேட்டரியின் மேலட்டையைக் கீறி உள்ளேயும் ஒரு பிடி திணித்தாள். சாளை மீன்களோடு வரிசையாகப் பேட்டரிகளும் இரண்டு நாள் காய்ந்தன. ஒரு காக்கை வந்து கொத்திப் பார்த்து, அலகைத் துடைத்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அய்யா வந்தார். டார்ச்சை அமுக்கினார், எரியவில்லை. பின்மூடியைத் திருகினார், உப்பும் இரண்டு மீன்செதிலும் வேட்டியில் கொட்டின. மோந்து பார்த்தார்.

"என்ன சம்பந்தி, பேட்டரியையும் கருவாடாப் போட்டுட்டீக?"

ஆம்பளைகள் முன்னால் அதுவரை பேசியறியாத நான் கதவோரம் வந்து நின்றேன். "நான்தான் தீத்துட்டேன் மாமா. இன்னும் ஒரு வெயில் காஞ்சாச் சரியாப் போயிரும்."

வெற்றிலைச் சாறு மூக்கில் ஏறும்படி சிரித்தார். "ஏத்தா, பேட்டரியவே அழுக விடாத வீட்டுல வளந்த புள்ள, எங்க மீன அழுக விட்ருமா? சாமியார்ட்டச் சொல்லிக் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்!"

அக்கா கல்யாணமாகி ஏழு பிள்ளை பெற்றாள். கடைசிவரை என்னைக் "காஞ்ச பேட்டரி" என்றுதான் கூப்பிட்டாள். இப்போது அவளும் இல்லை, அத்தானும் இல்லை. டார்ச் லைட்டு தனியாகக்கூட இல்லை, போனுக்குள்ளேயே இருக்கிறதாம்.

போன மாதம் கம்ப்யூட்டர் படித்த என் பேத்தி, போனைக் கடலில் நழுவவிட்டாள். எடுத்துவந்து நேரே அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

"அரிசி ஈரத்த இழுத்துரும் அப்பத்தா. ரெண்டு நாள்ல உயிர் வந்துரும்."

நான் எழுந்து போய், உப்பு ஜாடியை மட்டும் எட்ட எடுத்து வைத்தேன்.