சீழ் பிடித்த வரிசை

நேசபாய்க்கு எழுத்து தெரியாது. இரணியலுக்குப் பக்கத்திலிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் புண் கட்டும் துணிகளை அவித்துத் துவைப்பது அவள் வேலை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று மூன்றில் அவள் மகள் பூங்கனிக்கு அங்கேயே வயிற்றில் கட்டி எடுத்தார்கள். நன்றாகத்தான் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் தையலில் சீழ் வைத்தது. ஒன்பதாம் நாள் சவப்பெட்டியை மூடினார்கள். கட்டு மாற்றும் டிரெசர் ஞானசிங் கல்லறைத் தோட்டத்தில் நின்றே சொன்னான்: "நான் என்ன செய்ய? தாய்க்காரி சாளை மீன் வறுத்துக் கொடுத்திருக்கா. புண்ணு பழுக்காம இருக்குமா?"

கஞ்சித்தண்ணி தவிர அவள் எதுவும் கொடுக்கவில்லை. இருந்தும் அந்தப் பேச்சு அவளுக்கு முன்பே சபைக்குப் போய்ச் சேர்ந்தது. "ஏட்டி, மகளுக்குச் சாளை கொடுத்தவ வாறா" என்றார்கள், காதில் விழும்படியே.

மகளை யார் கொன்றது என்று அவளுக்குத் தெரியும். ஒரே கிண்ணத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறவனைத் தினமும் பார்க்கிறாள். துணி துவைப்பவள் சொன்னால் யார் கேட்பார்? அழுதுகொண்டிருக்க அவளுக்கு விருப்பமில்லை. அவன் தலை குனிய வேண்டும்.

பெண்கள் வார்டில் வடக்கு வரிசை ஞானசிங்குக்கு, தெற்கு வரிசை நர்ஸ் சத்தியபாய்க்கு. நேசபாய், அவித்தாலும் அழியாத சேராங்கொட்டை மையால் வடக்குத் துணிகளில் புள்ளியும் தெற்குத் துணிகளில் சிலுவையும் குத்தினாள். இரண்டையும் ஒரே அண்டாவில், ஒரே நேரம் அவித்தாள். சீழோடு திரும்பிய ஒவ்வொரு துணிக்கும் துவைக்கிற கொட்டகைச் சுவரில் ஒரு கரிக்கோடு. நான்கு மாதத்தில் புள்ளிக்கு முப்பத்தொன்று, சிலுவைக்கு ஆறு.

பெரிய டாக்டர் ஜேசுதாஸைக் கொட்டகைக்கே கூட்டி வந்து காட்டினாள்.

பின்னால் வந்த ஞானசிங் சிரித்தான். "மோசமான கேசெல்லாம் வடக்கேதான் கெடக்கு ஐயா. இவ கரி தேச்சா அது வைத்தியமாயிருமா?"

டாக்டர் கோடுகளை எண்ணிப் பார்த்தார். "அப்போ ஒரு மாசம் நீ தெக்கே கட்டு. சத்தியபாய் வடக்கே கட்டட்டும்."

மாதம் முடிந்தபோது வடக்கில் இரண்டு கோடு, தெற்கில் பதினொன்று. சீழ் அவனோடேயே இடம் மாறியிருந்தது.

"இவனை இன்னைக்கே அனுப்பிருதேன்" என்றார் டாக்டர்.

"வேண்டாம் ஐயா. இங்கேயே நிக்கட்டும்."

அவள் மன்னிக்கிறாள் என்று டாக்டர் நினைத்தார். ஞானசிங்குக்கு அது அப்படிப் படவில்லை.

"சாளை கொடுத்தேன்னு சொன்னது பொய்னு வார்டுல நின்னு சொல்லட்டும். பொறவு, ஒவ்வொரு கட்டிலுக்கும் கை கழுவட்டும். தண்ணி நான் ஊத்துதேன்."

அன்று மாலையே அவன் சொன்னான். பாதிப் பேர் நம்பினார்கள். மறுநாள் காலை முதல் அவள் வெந்நீர்ச் செம்போடு அவன் பின்னால் நடந்தாள். சோப்பும் கிருமி கொல்லும் லைசாலும் பட்டு அவன் விரலிடுக்கில் தோல் உரிந்தது.

"போதுமா?" என்பான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முழங்கை வரைக்கும்."

ஒரு வருஷத்தில் சீழ்த் துணி அபூர்வமாகிவிட்டது. அருமனையிலிருந்து வந்த ஒருத்தி, மருமகளின் தையல் காய்ந்ததைப் பார்த்து ஞானசிங்கைக் கும்பிட்டாள். "கைராசிக்காரரு! நீரு நல்லாயிருக்கணும்."

பின்னால் நின்ற நேசபாய் செம்போடு முன்னே வந்தாள். அடுத்த கட்டில் காத்திருந்தது.

"கைய நீட்டும்" என்றாள்.

நீட்டினான்.